ஆனியில் வாங்கிய ரிப்பன் மைக்

மூன்று மாதமாக இரண்டுக்கு நடுவில் நின்றேன்.
ஒன்று புதுசு. பதினாலாயிரம், வாரண்டி உண்டு.
மற்றது பாளையங்கோட்டையில் தவசிங்
ரிக்கார்டிங் அறையைக் காலி செய்தபோது மிஞ்சியது. ஒன்பதாயிரம்.
"ரிப்பன் லேசா தொய்ஞ்சிருக்கலாம் வே,
சத்தியம் பண்ண மாட்டேன்" என்றான்.
விற்கிறவன் வாயில் வந்த அந்த மாட்டேன்
எனக்குப் பிடித்துப்போனது.
அப்படியும் அன்றைக்கு வாங்கவில்லை.

வீட்டில் இருந்த கண்டன்சர் மகா கெட்டிக்காரன்.
கிடாரைக் கேளடா என்றால்
பக்கத்து வீட்டு ஆடு, கோவில் ஒலிபெருக்கி,
நான்குவழிச் சாலையில் கியர் மாற்றும் லாரி
அத்தனையும் கேட்டு முடித்துவிட்டு
மெல்லிய முதல் கம்பியை
தகரத்தில் ஆணியாகக் கீறி வைப்பான்.
அதே கம்பியைத் தவசிங்கின் ரிப்பனில் கேட்டேன்.
சீனிக்குப் பதில் கருப்பட்டி.
வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

காந்தம் இரண்டு, நடுவில் ஒரு அலுமினியக் கீற்று.
தலைமுடியை முப்பதாக வகிர்ந்தால் வருகிற கனம்.
"ஊதிப் பாக்காதேயும்.
செக் செக்னு தட்டாதேயும்.
நாப்பத்தெட்டு வோல்ட் பொத்தானை
மறந்தும் அமுக்கிராதேயும்.
படுக்கப் போடாதேயும்."
பச்சைப்பிள்ளையைக் கொடுத்துவிடுகிறவன் போலச் சொன்னான்.

நான் பிழைப்பதோ காற்றில்.
பணகுடிக்குத் தெற்கே, எண்பது மீட்டர் உயரத்தில்
இடுப்பில் கயிறு மாட்டி
காற்றாலைக்கு கிரீஸ் வைக்கிறேன்.
கணவாய் திறந்து காற்று விழுகிற நாலு மாதமும்
ஓவர்டைம் உண்டு; ஜன்னல் சட்டம் அடிக்கிற அடியில்
பதிவு கிடையாது.
ஐப்பசியில் காற்று ஓயும்.
அப்போது பதியலாம், கையில் காசு இருக்காது.
அதனால் ஆனியிலேயே வாங்கினேன்,
அம்மி பறக்கிற மாதத்துக்கு ஒரு மாதம் முன்னால்
மூச்சு பட்டால் கிழிகிற ஒன்றை.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் உட்காரவில்லை.
மடியில் நிமிர்த்திப் பிடித்து
நாங்குநேரி, வள்ளியூர்,
பணகுடியில் இறங்கும்போது சட்டைக்குள்.

அது முன்னும் பின்னும் கேட்கும்.
இரண்டு பக்கவாட்டும் சுத்தச் செவிடு.
கட்டிலை இழுத்து, மேசையைத் திருப்பி,
ஜன்னல் அதன் செவிட்டுப் பக்கத்தில் விழும்படி செய்தேன்.
பின்பக்கம் பீரோவைத் திறந்து வைத்தேன்,
சேலைகள் சத்தம் குடிக்கும் என்று.
"என் கல்யாணப் பட்டு இப்ப உங்க கிடாருக்கு மெத்தையோ?"
ஸ்வீட்லின் சிரிக்கவில்லை.

ஒரே ஒரு நாள், விடிகாலை மூன்று மணிக்குக் காற்று தளர்ந்தபோது
நாலு நிமிடம் பதிந்தேன்.
கெயினை முழுக்கத் திருகியதில்
தேரிக்காட்டு மணல் ஓடுகிற இரைச்சல்.
அதற்கு அடியில் கிடார்.
கிடாருக்கும் அடியில்,
பின்பக்கம் தூங்கிக்கொண்டிருந்தவளின் மூச்சு.
அழிக்கவா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

பிறகு மைக்கைப் பிள்ளையின் பழைய காலுறைக்குள் விட்டு
பீரோவில் நிமிர்த்தி வைத்தோம்.
கதவை அடித்துச் சாத்தினால் அந்தக் காற்றே போதும்,
ரிப்பன் நீண்டுவிடும் என்று
ஒரு தடவைதான் சொன்னேன்.

ஒன்பதாயிரம் குளியலறை டைல்ஸுக்கு எடுத்து வைத்தது
என்று அவளுக்கு நேற்றுத்தான் தெரிந்தது.
பேச்சு எங்கெங்கோ போனது.
என் அம்மா வரைக்கும் போனது.
எழுந்து அறைக்குள் போனாள்,
கதவு விளிம்பைப் பிடித்தாள்,
ஓங்கினாள்.

கை பாதியில் நின்றது.
பிறகு இரண்டு கையாலும், அங்குலம் அங்குலமாக,
பூட்டின் நாக்கை விரலால் உள்ளே அமுக்கி
ஒரு டிக் கூட இல்லாமல்
என் முகத்தில் சாத்தினாள்.

வெளியே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.
ஆடிச் சம்பளத்தில் டைல்ஸ் என்று
கதவிடுக்கில் வாய் வைத்துச் சொன்னேன்,
ஊதாமல்.